மம்மலில் அளக்காத பன்னிரண்டு வோல்ற்

போன கிழமை எங்கள் வயர்மன்மாரின் வட்சப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் மானிப்பாய்ப் பக்கம் வேலை செய்யும் ஓர் இளம் தொழிலாளி. "கமரா வைச்ச வாசல் மணி ஒண்டு வந்திருக்கு. பற்றறி வேண்டாம், நேரா வயரிலை குடுங்கோ எண்டு வீட்டுக்காரர் சொல்லுகினம். எந்த ட்ரான்ஸ்போமர் போடுறது?" என்று எழுதியிருந்தார். அரை மணித்தியாலத்துக்குள் பதினான்கு பதில்கள். பன்னிரண்டு வோல்ற் காணும், அதுவே போதும் என்றார் ஒருவர். எட்டே காணும் என்றார் இன்னொருவர். பழைய ரவுட்டரின் அடப்டரை வெட்டிக் குடு, ஓடும் என்றார் ஒரு மேதை. கடைசியில் யாரோ, "செல்வம் அண்ணையைக் கேளுங்கோ, அவர் கோப்பாயிலை ஒண்டு பூட்டினவர்" என்று என்னை இழுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் நான் பதில் போடவில்லை.

ஓம், பூட்டினேன். அதுதான் நான் செய்த கடைசி வேலை. தோள் நோவால் தொழிலை விட்டேன் என்று வீட்டிலும் வெளியிலும் சொல்லிவைத்திருக்கிறேன். தோளில் நோவு இருப்பது உண்மை. அதனால் விட்டேன் என்பது பொய். கேட்ட கேள்விக்குப் பதில் இரண்டு வரிதான். ஆனால் அந்த இரண்டு வரியையும் நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு பிழை விட்டவன் நான். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் அந்த ரவுட்டர் மேதையிடம் போகலாம்.

நான் தொழில் பழகிய கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் வருடம் சுவர் வெட்டினேன். இரண்டாம் வருடம் குழாய் பதித்தேன். மூன்றாம் வருடம் வயர் இழுக்க விட்டார்கள். கை பிடிபட்டு வந்த நேரம் ஊரில் கரண்டே இல்லாமற் போனது. சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட அந்தக் காலத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். வருடங்கள் கழித்துக் கரண்ட் திரும்பி வந்தபோது நான் போய் நின்றது முந்தி எனக்குத் தொழில் பழக்கிய அதே ஆளிடம்தான்.

அவருக்குப் பெயர் இராசரத்தினம். வேலையாட்களுக்கு அவர்தான் தலைவர் என்பதால் எல்லாருக்கும் 'போமன்'. ஒல்லி மனிதர். மற்றவர்கள் பேனை குத்தும் சேட்டுப் பையில் இவர் டெஸ்டர் குத்தியிருப்பார். ஏசத் தெரியாது. நாங்கள் பிழை விட்டால் பக்கத்தில் வந்து நின்று, "என்ன செய்தனி எண்டு ஒருக்காச் சொல்லு பாப்பம்" என்பார். சொல்லிக்கொண்டு போகும்போதே பிழை எந்த இடத்தில் என்று நம் வாயே நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிடுவார். கன்னத்தில் இரண்டு அறை விழுந்தால்கூட அவ்வளவு நோகாது.

ஒவ்வொரு வேலைக்கும் அவர் ஒரு தாள் வைத்திருந்தார். அச்சடித்தது அல்ல, வெள்ளைக் கடதாசியில் அடிமட்டம் வைத்து அவரே கோடு போடுவது. செய்த வேலை, வயரின் தடிப்பு, அதற்குக் கீழே இரண்டு பெட்டி. ஒன்றின் தலையில் 'பகல்', மற்றதின் தலையில் 'மம்மல்'. பொழுது பட்டு விளக்கு வைக்கிற நேரத்தை எங்கள் பக்கத்தில் மம்மல் என்போம். பகலில் அளந்த வோல்ற் ஒரு பெட்டிக்குள், மம்மலில் அளந்த வோல்ற் மற்றப் பெட்டிக்குள். இரண்டும் நிரம்பினால்தான் கையெழுத்து வைப்பார். கையெழுத்து வைக்காமல் ஒரு வேலையையும் முடிந்த வேலை என்று சொல்லமாட்டார்.

அதன் அருமை எனக்கு விளங்கியது குருநகரில். மீன் வைக்கும் ஓர் ஐஸ் அறைக்கு மோட்டர் பூட்டப் போயிருந்தோம். மத்தியானம் பன்னிரண்டரைக்கு வேலை முடிந்தது. மோட்டர் நல்ல சத்தமாக ஓடியது. மீற்றரில் இருநூற்று இருபத்தெட்டு. முதலாளி தடித்த, சிரித்த முகமுள்ள மனிதர். எங்களை இருத்திச் சோறும் விளைமீன் குழம்பும் தந்தார். நான் சாமான்களைப் பையில் போட்டுக் கட்டிவிட்டேன். போமன் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்துவிட்டார்.

"என்ன ஐயா, போகேல்லையோ?" என்றார் முதலாளி.

"மம்மலாகட்டும்."

"ஏன், மோட்டர் ஓடுதுதானே?"

"இப்ப ஓடுது."

ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் அந்த மீன் வெடில் நாற்றத்துக்குள் இருந்தோம். அவர் பேப்பர் வாசித்தார், பிறகு அதையே திருப்பி வாசித்தார். எனக்கு வீட்டுக்குப் போகிற அவதி. மனதுக்குள் அவரைத் திட்டாத திட்டெல்லாம் திட்டினேன். கடைசியில் தேவாலய மணி அடித்தது. வீடு வீடாக விளக்குகள் எரியத் தொடங்கின. அதோடு மோட்டரின் சத்தம் மாறியது. முனகியது. போமன் மீற்றரை என்னிடம் நீட்டினார். நூற்றெழுபத்தாறு.

"பகலிலை ஆரும் நல்லவன்தான் தம்பி," என்றார். "எல்லாரும் ஒண்டா இழுக்கிற நேரம் நிண்டு பிடிக்குதோ எண்டதைத்தான் பாக்கவேணும்."

முதலாளியின் சிரிப்புப் போய்விட்டது. இனி எங்கே தடித்த வயருக்குப் போவது, ஏன் முதலே சொல்லவில்லை என்று சத்தம் போட்டார். போமன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மீன் பழுதாப் போன பிறகு ஏசுறதை இப்பவே ஏசிப்போடுங்கோ. நாளைக்கு வந்து மாத்துறம்" என்றார். அடுத்த நாள் மாற்றினோம். அன்றைக்கும் மம்மல் வரைக்கும் அதே மீன் பெட்டியில்தான் இருந்தோம்.

போமன் காலமாகிப் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவர் போன பிறகும் அந்தத் தாளை நான் விடவில்லை. என் கட்டிலுக்குக் கீழே என்னுடைய வேலைத் தாள்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் 'மம்மல்' பெட்டி வெறுமையாகக் கிடந்த தாள் ஒன்றே ஒன்றுதான். அது கிறேஸ் ரீச்சர் வீட்டுத் தாள்.

கிறேஸ் ரீச்சர் கோப்பாயில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். என் மகளுக்கும் அவர்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்களுக்கு முன் வாங்கில் இருப்பார். எண்பது வயது தாண்டியும் முற்றத்தைத் தானே கூட்டுவார். கணவர் இல்லை. ஒரே மகன் றெஜி, ரொறன்ரோவில். பக்கத்து வீடுகள் இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன. அந்த ஆட்களும் வெளிநாட்டில்தான். ரீச்சருக்குக் காது மந்தம். காதில் மாட்டும் கருவியோடு போனைப் பிடித்தால் கீச்சென்று விசில் அடிக்கும். எரிச்சலில் போனை அலுமாரிக்குள் வைத்து மூடிவிடுவார். மகன் மூன்று நாள் தொடர்ந்து அடித்தும் எடுக்காமல் விட்டு, அவர் அங்கிருந்து எனக்கு அடித்து, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிய நாட்கள் உண்டு. போனால் ரீச்சர் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டு இருப்பார்.

போன வருடம் ஆவணியில் வந்த றெஜி இந்தக் கமரா மணியைக் கொண்டுவந்தார். நான் வழக்கமான இடமாக வெளி வாசற் படலையின் தூணைக் காட்டினேன். அவர் தலையாட்டவில்லை. விறாந்தைத் தூணில், முற்றத்தையும் படலையையும் பார்த்தபடி பூட்டச் சொன்னார்.

"வாற ஆக்களை ஆர் பாக்கப் போகினம் அண்ணை? எனக்கு அம்மா முற்றம் கூட்டுறதைப் பாக்கவேணும்."

பொத்தானை அமத்தினால் உள்ளே மணி அடிக்கும். அதே நேரம் ரொறன்ரோவில் றெஜியின் போன் அடிக்கும். அவர் படத்தில் பார்த்துக் கதைக்கலாம். தூணில் இருக்கும் ஒலிபெருக்கி நல்ல சத்தம், விசில் இல்லை. ரீச்சருக்கு அது கேட்டது. தாயும் மகனும் கதைப்பதற்கு அதுவே வழி என்று அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. இதை நான் இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

பெட்டிக்குள் அதற்கென்று ஒரு ட்ரான்ஸ்போமரும் இருந்தது. சவர்க்காரக் கட்டி அளவு. றெஜி அதைக் காலுறைக்குள் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

"எல்லாம் இதுக்குள்ளை இருக்கு அண்ணை. ரெண்டு வயர்தானே?"

அது அந்த நாட்டுக் கரண்டுக்குச் செய்தது, நூற்றிருபது வோல்ற். எங்கள் வீடுகளுக்கு வருவது இருநூற்று முப்பது. கொடுத்தால் சூடேறி எரியும், கமராவும் சேர்ந்து போகும். வெளிநாட்டுப் பெட்டி என்றால் ஒன்றையும் வாசிக்காமல் குத்திவிட்டுப் புகை வந்த பிறகு என்னைக் கூப்பிட்ட வீடுகள் பல. அந்தப் பிழையை நான் விடவில்லை. றெஜியை இருத்திவைத்து அதைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். ஒரு பிழையைக் கண்டுபிடித்த புளுகத்தில், அந்தச் சந்தோஷத்தில் இருக்கிறவன் கண்ணுக்கு அடுத்த பிழை தெரியாது.

எங்களுக்கு வேண்டியது, ஒரு பக்கம் இருநூற்று முப்பது வாங்கி மறுபக்கம் பதினாறிலிருந்து இருபத்துநாலுக்குள் ஏசி தருவது. அதன் உடம்பில் வீ.ஏ. என்று ஒரு எண் இருக்கும். அது எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கான எண், முப்பதாவது இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். இல்லை. கொழும்பில் எடுத்து பஸ்ஸில் போட்டுவிடலாம், மூன்று நாளாகும் என்றார்கள். றெஜி அடுத்த நாள் விடியப் புறப்படுகிறார்.

"நான் போகமுன்னம் ஒருக்கா ஓடுறதைப் பாக்கவேணும் அண்ணை. அம்மாவுக்குப் பழக்கிவிடவேணும். பிறகு ஆர் அவவுக்குச் சொல்லிக் குடுக்கிறது?"

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு ட்ரான்ஸ்போமர் இருந்தது. பழைய டிங்-டொங் மணிக்கு, மெயின் சுவிச் பலகைக்குப் பக்கத்தில். பன்னிரண்டு வோல்ற், ஓர் அம்பியர். பெருக்கினால் பன்னிரண்டு வீ.ஏ. அதைப் பூட்டியவர் போமன். மேலே வெள்ளைப் பெயின்றில் அவருடைய சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தது: '12. மணிக்கு மாத்திரம்.'

டிங்-டொங் மணி ஒரு செக்கன் இழுக்கும், விட்டுவிடும். கமரா நாள் முழுக்க இழுக்கும். இருண்டால் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு விளக்கையும் எரிக்கும். அந்த நேரம் பார்த்து யாரும் பொத்தானை அமத்தினால் படமும் அனுப்ப வேண்டும், உள்ளே மணியும் அடிக்க வேண்டும். அப்போதுதான் அதற்குப் பசி கூட. எல்லாம் எனக்குத் தெரியும். 'மணிக்கு மாத்திரம்' என்பதை வாசித்தேன். வாசித்துக்கொண்டே இரண்டு வயரையும் முறுக்கினேன்.

மீற்றரில் பதினாலரை. ஒன்றும் இழுக்காத நேரம் எந்த ட்ரான்ஸ்போமரும் வீரன்தான். கமராவைக் கொடுத்தேன். பகல் பதினொரு மணி, நல்ல வெயில். பொத்தானைச் சுற்றி நீல வளையம் எரிந்தது. உள்ளே மணி அடித்தது. றெஜியின் போனில் முற்றம் தெரிந்தது. ரீச்சர் கை தட்டினார். றெஜி மட்டும் போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, பவர் காணாது எண்டு ஒரு வரி போடுது."

"அது அந்த நாட்டு அளவுக்குச் சொல்லுறது தம்பி. இஞ்ச இது காணும்."

நாற்பது வருடம் தொழில் செய்தவன் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? கொழும்பிலிருந்து சரியானது எடுத்து மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன். தாளில் 'பகல்' பெட்டிக்குள் பதினாலரை என்று எழுதினேன். மம்மலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

வந்தேன். ஆனால் மீற்றரை எடுக்கவில்லை. அன்று பின்னேரம் றெஜிக்குப் பிரியாவிடைச் செபக்கூட்டம். விறாந்தை நிறையச் சனம். ஆட்கள் கண்ணை மூடிச் செபிக்கும்போது நான் ஏணியைச் சாத்தி நிற்கிறதா என்று வெட்கமாக இருந்தது. விறாந்தை முழுவதும் விளக்குப் போட்டிருந்ததால் கமராவுக்கு அது பகல்தான். ஒரு கரைச்சலும் இல்லாமல் வேலை செய்தது. வடையும் தேத்தண்ணியும் வந்தன. வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டரை மாதம் அந்த மணி அடித்தது. அடித்தது யார் என்றால் வீட்டுக்கார ரீச்சரேதான். பின்னேரம் ஐந்தரைக்கு முற்றம் கூட்டி முடித்து, கை கால் அலம்பி, விறாந்தைக்கு வெளியே நின்று தன் வீட்டு மணியைத் தானே அமத்துவார். றெஜிக்கு அங்கே காலை, வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். இன்றைக்கு என்ன கறி, எந்த மரத்தில் காய் விழுந்தது, கோயிலில் யார் பிரசங்கம், எல்லாம் தூணுக்குச் சொல்லுவார். ஒழுங்கையால் போன பால்காரப் பவளம் இதைக் கண்டுவிட்டு, "ரீச்சருக்கு மூளை பிசகிப்போச்சுது, தூணோடை கதைக்கிறா" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். ரீச்சருக்கு அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. பிறகு பவளத்தையும் கூப்பிட்டுத் தூணுக்கு முன் நிறுத்தி றெஜியோடு கதைக்க வைத்தார்.

எல்லாம் நன்றாக ஓடியதால் கொழும்புக்கு நான் சொல்லவில்லை. மறந்தேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. ஓடுகிறதுதானே என்று விட்டேன்.

மாரி வந்தது. கார்த்திகையில் ஐந்தரைக்கே முற்றம் இருட்டிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வரும்போது ரீச்சர் என்னை மறித்தார்.

"தம்பி, மம்மலிலை அமத்தினா மணி செத்துப் போகுது. கொஞ்ச நேரத்தாலைதான் திரும்ப உயிர் வருது. என்னவாயிருக்கும்?"

என்னவென்று எனக்கு அந்த இடத்திலேயே தெரியும். பன்னிரண்டு வோல்ற் சுமை தாங்காமல் விழுகிறது. கமரா நின்று, திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறது. மம்மல் என்ற சொல்லை வேறு அவர் வாயால் சொன்னார். சுற்றி நாலு பேர் நின்றார்கள். நான் பூட்டியது பிழை என்று சொல்ல என் வாய் வரவில்லை.

"அது மழைக்கு இன்ரநெற் இழுக்குது ரீச்சர்," என்றேன்.

"ஓமோ? அப்ப றெஜியிட்டையும் சொல்லுறன்."

சொல்லியிருக்கிறார். றெஜியும் நம்பியிருக்கிறார். அதன் பிறகு தாயும் மகனும் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். ரீச்சர் வெளிச்சம் இருக்கும்போதே நாலு மணிக்கு அமத்துவார். அங்கே அப்போது விடிய ஐந்தரை. தாயைப் பார்ப்பதற்காக அந்தக் குளிருக்குள் மகன் அலாரம் வைத்து எழும்பியிருக்கிறார். நான் ஓர் ஏணியும் ஒரு திருகாணிமுடுக்கியும் கொண்டுபோய் அரை மணித்தியாலத்தில் முடிக்கக்கூடிய வேலைக்கு, இரண்டு நாட்டில் இரண்டு பேர் தங்கள் பொழுதை மாற்றினார்கள்.

மார்கழி பிறக்கச் சில நாட்கள் இருந்தன. அன்று நாலு மணிக்கு ரீச்சர் மகனோடு கதைத்துவிட்டார். ஆறு மணிபோல மழை பெலத்திருக்கிறது. படலையைக் கொளுவி மூடக் குடையோடு போயிருக்கிறார். திரும்பி வரும்போது விறாந்தைப் படியில் பாசி வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. எழும்ப முடியவில்லை. போன் உள்ளே அலுமாரிக்குள். இரண்டு பக்கமும் பூட்டிய வீடு, அதற்குமேல் மழைச் சத்தம். நிலத்தோடு அரைந்து அரைந்து தூணடிக்கு வந்து, குடையின் நுனியால் எட்டிப் பொத்தானை அமத்தினார்.

அடுத்த நாள் காலை பாலோடு வந்த பவளம்தான் கண்டாள். அவள் போட்ட சத்தம் எங்கள் ஒழுங்கைக்குக் கேட்டது. ரீச்சரைத் தூக்கி வாகனத்தில் ஏற்றிய நாலு பேரில் நானும் ஒருவன். உடம்பு விறைத்துப் போயிருந்தது. குடையை விடமாட்டேன் என்று பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் றெஜி வந்து சேர்ந்தார். அதற்கு முதல் நாள் நான் கட்டிலடியில் தனியே இருந்தேன். ரீச்சர் கண் திறந்தார்.

"தம்பி, நான் அமத்தினனான்."

"ஓம் ரீச்சர்."

"பதினொரு தரம் அமத்தினனான். எண்ணினனான்."

கணக்கு ரீச்சர். எண்ணியிருப்பார். நான் போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் படுகிற பாட்டைக் கண்டாரோ என்னவோ, தானே சொன்னார்: "மழைதானே தம்பி. இன்ரநெற் இழுத்திருக்கும்."

என் பொய்யை அவரே எடுத்து என் கையில் தந்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன். தலையை ஆட்டினேன்.

ஒன்பதாம் நாள் ரீச்சர் போய்விட்டார்.

செத்த வீட்டில் றெஜி வந்தவர்கள் எல்லாரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "கமரா ஓவ்லைன் எண்டு மூண்டு தரம் போனிலை வந்தது. நான் காருக்குள்ளை. அம்மாவோடை காலமைதானே கதைச்சனான், இது வழக்கமா வாற இன்ரநெற் கரைச்சல் எண்டு போனைக் கவிட்டு வைச்சிட்டன். நான்தான் கவிட்டு வைச்சிட்டன்." புதிதாக ஒருவர் வந்தால் திரும்பவும் முதலிலிருந்து சொல்லுவார். ஆட்கள் அவர் தோளைத் தட்டி, "உன்னிலை என்ன பிழை, இயற்கை" என்றார்கள். நான் இரண்டடி தள்ளிக் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றேன். நான் செய்த பிழையை அவர் தூக்கிச் சுமந்துகொண்டு ஒவ்வொருவராகக் காட்டுகிறார். நான் கதிரை அடுக்குகிறேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அவர் திரும்பிப் போகும்போது வீட்டுத் திறப்பை என்னிடம்தான் தந்தார். "வீட்டைப் பூட்டினாலும் கரண்டை வெட்டவேண்டாம் அண்ணை. அந்தக் கமரா இருக்கட்டும்" என்றார்.

அடுத்த நாளே கொழும்புக்கு அடித்தேன். சரியான ட்ரான்ஸ்போமர் மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்தது. கேள்வி கேட்டவருக்காக எழுதுகிறேன்: உள்ளே இருநூற்று முப்பது, வெளியே பதினெட்டு வோல்ற் ஏசி, முப்பது வீ.ஏ. உள்ளே இரண்டு கம்பிச் சுற்றும் தனித்தனியாக இருக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே சுற்றில் வெட்டி எடுத்தது வேண்டாம், பொத்தானைத் தொடுகிற கைக்கு அது ஆபத்து. முன்னால் ஒரு பியூஸ். தூணுக்குப் போகும் வயர் நீளம் என்றால் ஒரு படி தடிப்பாகப் போடுங்கள். வெளிநாட்டுப் பெட்டிக்குள் வந்ததைத் திருப்பிக் காலுறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். விலை ஒரு சோடி நல்ல செருப்பின் விலைதான். பூட்ட எனக்கு இருபத்தைந்து நிமிடம் பிடித்தது.

பூட்டிவிட்டு விறாந்தைப் படியில் இருந்தேன். பாசியைச் சுரண்டி விட்டிருந்தார்கள். ஆள் புழங்காத முற்றத்தில் சருகு கணுக்காலளவு கிடந்தது. மம்மலாகும்வரை இருந்தேன். விறாந்தை விளக்கைப் போடவில்லை. நன்றாக இருண்ட பிறகு மீற்றரை வைத்துக்கொண்டு பொத்தானை அமத்தினேன். பதினேழு புள்ளி நாலு. உள்ளே வெறும் வீட்டுக்குள் மணி அடித்தது. எண் இறங்கவில்லை. நீல வளையம் அப்படியே எரிந்தது.

"அண்ணை?"

றெஜியின் குரல். அமத்தினால் அங்கே அவருக்கு அடிக்கும் என்பது அந்த நேரம் எனக்கு நினைவில் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நினைவில் இருந்தது.

"தம்பி, நான் செல்வம். ட்ரான்ஸ்போமரை மாத்தினனான்."

"ஏன் அண்ணை, அது வேலை செய்ததுதானே?"

போமன் பக்கத்தில் நின்று, என்ன செய்தனி எண்டு ஒருக்காச் சொல்லு பாப்பம் என்று கேட்டதுபோல இருந்தது. சொன்னேன். பன்னிரண்டு வோல்ற் காணாது என்று பூட்டும்போதே எனக்குத் தெரியும் என்றேன். உங்கள் போனில் வந்த வரி சரி, நான் சொன்னது பொய் என்றேன். அம்மா கோயிலடியில் கேட்டபோதும் தெரியும், இன்ரநெற் என்றது என் மானத்தைக் காப்பாற்ற என்றேன். அம்மா பதினொரு தரம் அமத்தினவ. பதினொரு தரமும் மணியைக் கொன்றது இந்தச் சாமான்தான், மழையும் இல்லை, இன்ரநெற்றும் இல்லை, நீங்கள் போனைக் கவிட்டு வைச்சதும் இல்லை என்றேன். கழற்றிய பழைய ட்ரான்ஸ்போமரைக் கமராவுக்கு முன் தூக்கிப் பிடித்தேன். 'மணிக்கு மாத்திரம்' என்ற எழுத்து அந்த இருட்டில் அவருக்குத் தெரிந்ததோ தெரியாது.

ஒலிபெருக்கிக்குள் தூரத்தில் ஏதோ வாகனங்கள் போகிற இரைச்சல். அது எங்கள் ஒழுங்கை அல்ல, அவருடைய ரொறன்ரோ. ஏசுவார் என்று காத்து நின்றேன். ஏசினால் நல்லது என்று இருந்தது.

"அண்ணை," என்றார்.

"சொல்லுங்கோ தம்பி."

"கொஞ்சம் விலகி நில்லுங்கோ. முற்றம் மறையுது."

விலகி நின்றேன். கூட்ட ஆளில்லாத முற்றத்துக்கு அப்பால் படலை மட்டும் கொளுவிக் கிடந்தது. அவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது. நான் தூணுக்குப் பக்கத்தில், கமராவுக்குத் தெரியாத இடத்தில், அந்தச் சாமானைக் கையில் பிடித்தபடி நின்றேன். அன்றைக்கு மணி சாகவேயில்லை.